நடு வீடு

ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கத்து ஊர்களில் 2012ஐ ஒட்டி ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். "உங்க குடும்ப வருமானம் வருசத்துக்கு எவ்ளோம்மா?" என்று கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பதில் வந்தது: எழுபத்திரண்டாயிரம். ஓட்டு வீட்டிலும் அதுதான், மாடி வீட்டிலும் அதுதான். என்னோடு புதிதாக வந்திருந்த பெண் மூன்றாம் நாள் அட்டவணைகளை அடுக்கிவைத்துக்கொண்டு, "எல்லாரும் பேசி வெச்சிக்கினாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு அப்போது ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். பிறகுதான் அது 1,20,000 ஆனது. அந்த அட்டைக்காக வருமானச் சான்று வாங்கிய எல்லா வீட்டிலும் அந்த எண் மனப்பாடம். சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர்கள் வீட்டுக்குள் 'வருமானம்' என்ற சொல்லே புழங்குவதில்லை. சம்பளம் உண்டு, கூலி உண்டு, பால் காசு உண்டு, சீட்டுப் பணம் உண்டு. வருமானம் என்பது கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போடும் தாளில் மட்டும் இருக்கும் ஒன்று. தாளில் இருப்பதைக் கேட்டோம், தாளில் இருப்பதைச் சொன்னார்கள்.

1994இல் கள ஆய்வாளராக இந்த வேலைக்கு வந்தேன். பிறகு மேற்பார்வையாளர், அதற்குப் பிறகு எண்களைத் திரட்டி மதிப்பீடு செய்பவள். யார் எந்த ஆய்வுக்குக் கூப்பிட்டாலும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். இந்தத் தோல் தொழில் பகுதியில், ஊர்ப்புறத்து நடு வீட்டின் வருமானம் இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது?

நடு வீடு என்று நான் சொல்வது புள்ளியியலார் இடைநிலை என்பதை. ஓர் ஊரின் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தி, சரிபாதியில் நிற்கும் வீட்டைப் பார்க்க வேண்டும். சராசரி இங்கே உதவாது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றோரம் நீளும் இந்தப் பகுதியில், தோல் ஷாப்பு முதலாளியின் ஒரு வீடு மாதிரிக்குள் விழுந்துவிட்டால் தெருவுக்கே சராசரி ஏறிவிடும். நடு வீடு அசையாது. அதற்கு மேலே இருப்பவர் எவ்வளவு மேலே இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இந்த மண்ணில் குடும்பக் கணக்கை முதலில் எழுதத் தொடங்கியவர்கள் நாங்கள் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் எழுதிய ஊர்களில் ஒன்று அன்றைய வட ஆற்காட்டின் தூசி. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய வைத்தார்கள். 1973-74இல் கேம்பிரிட்ஜின் பி.எச். ஃபார்மர் குழு வட ஆற்காட்டு நெல் ஊர்களைத் தேர்ந்தெடுத்துப் பசுமைப் புரட்சியை அளந்தது. பத்தாண்டு கழித்துப் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் அதே ஊர்களுக்குத் திரும்பினார்கள். 1993-94இல் பார்பரா ஹாரிஸ்-வைட் போனார். ஒரே மாவட்டத்தின் ஊர்க் குடும்பங்களை இருபது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த இப்படி ஒரு வரிசை இந்தியாவில் அரிது.

அந்த வரிசையில் என்னை மிகவும் பாதித்தது ஒரு வறட்சி. ஹேசல், ராமசாமி குழு இறங்கியபோது 1982-83 வறண்ட ஆண்டாக அமைந்துவிட்டது. அந்த ஆண்டை 1973-74ஓடு ஒப்பிட்டால் பசுமைப் புரட்சி தோற்றதாகத் தெரியும். மழை பெய்த 1983-84ஐ வைத்து ஒப்பிட்டால்தான் சிறு விவசாயியும் நிலமில்லாதவரும் முன்னேறியது தெரிய வந்தது. தொடங்கும் ஆண்டையும் முடிக்கும் ஆண்டையும் எங்கே வைக்கிறோம் என்பதே பாதி முடிவு. புது ஆய்வாளர்களுக்கு வகுப்பெடுக்கும்போது முதல் நாள் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த ஊர்கள் பெரும்பாலும் ஆரணி, செய்யாறு பக்கத்து நெல் ஊர்கள். மேற்கே, பாலாற்றங்கரையில், தோலும் ஷூவும் பீடியும் வருமானமாக மாறிக்கொண்டிருந்த ஊர்கள் அந்த வெளிச்சத்துக்கு வெளியே நின்றன.

அரசுக் கணக்கில் பார்க்கலாம் என்றால் அங்கேயும் வருமானம் இல்லை. தேசிய மாதிரி ஆய்வு 1955இலும் 1958-59இலும் செலவோடு சேர்த்து வருமானத்தையும் கேட்டுப் பார்த்தது. 1964-65இலும் 1969-70இலும் வேறு வடிவில் முயன்றது. ஒவ்வொரு முறையும் மக்கள் சொன்ன வருமானம், அவர்களுடைய செலவையும் சேமிப்பையும் விடக் குறைவாக வந்தது. அதனால் கைவிட்டார்கள். அன்றிலிருந்து நாட்டில் வறுமை பற்றிய பேச்செல்லாம் செலவுக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. 2023-24 நுகர்வுச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டு ஊரகத்தில் ஆளுக்கு மாதம் 5,701 ரூபாய் செலவு. நல்ல எண்தான். ஆனால் அது செலவு, ஆளுக்கு, சராசரி. எனக்கு வேண்டியது வரவு, குடும்பத்துக்கு, நடுவில். மூன்றிலும் வேறு.

ஆகவே நாங்கள் வருமானத்தைக் கேட்பதை விட்டுவிட்டுக் கட்ட ஆரம்பித்தோம். யார் யார் கைக்கு, எங்கிருந்து, எப்போது, எவ்வளவு வந்தது என்று ஒவ்வொரு செங்கல்லாக.

இதில் முதல் பாடம் நேரம். ஷூ கம்பெனி பஸ் விடிந்ததும் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பத்து மணிக்கு நாம் போனால் திண்ணையில் இருப்பவர் மாமனார். அவர் மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று சொல்வார், நிலத்தைச் சொல்வார், மகன் கட்டட வேலைக்குப் போவதைச் சொல்வார். மருமகள்? "அது ஏதோ கம்பெனிக்குப் போவுது." எவ்வளவு சம்பளம்? "அது அவங்க கணக்கு, நமக்கின்னா தெரியும்." அந்த வீட்டில் மாதாமாதம் தவறாமல் வரும் ஒரே பணம் அந்த மருமகளுடைய சம்பளம்தான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தது போக வருவது, மளிகைக் கடைக்காரர் எதை நம்பிக் கடன் தருகிறாரோ அது. தொடக்க காலத்து எங்கள் இடைநிலை தாழ்ந்து கிடந்ததற்கு வறுமை மட்டும் காரணம் இல்லை. நாங்கள் பத்து மணிக்குப் போனதும் ஒரு காரணம். அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் மாலை ஆறரைக்கு மேல் இரண்டாம் முறை போவதை விதியாக்கினேன். களப்பணியாளர்கள் முணுமுணுத்தார்கள், கடைசி பஸ் போய்விடும் என்றார்கள். ஊரிலேயே தங்க ஏற்பாடு செய்தோம்.

இரண்டாவது பாடம் மடியில் இருந்தது. ஆம்பூர் பக்கத்தில் ஷூவின் மேல்பகுதியை, அவர்கள் 'அப்பர்' என்பார்கள், வீட்டில் உட்கார்ந்து கையால் தைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஏஜெண்ட் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எண்ணி எடுத்துப் போவார். கூலி ஜோடிக்கு. ஒருமுறை ஒரு பெண்ணிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டேன். "இல்லக்கா, வீட்லதான் சும்மா கீறேன்" என்றார். அவர் மடியில் அப்பர் இருந்தது. ஊசி பாதியில் நின்றது. விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தது.

அட்டவணையில் 'வேலை இல்லை' என்று எழுதியிருந்தால் அது அவர் சொன்னதற்கு உண்மை, அவர் செய்துகொண்டிருந்ததற்குப் பொய். அதனால் கேள்வியை மாற்றினோம். இது யார் கொண்டாந்து குடுக்குறாங்க? ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி முடியும்? போன வாரம் எத்தனை நாள் சரக்கு வந்துச்சு? ஜோடிக்கு 6 ரூபாய், நாளுக்குப் பத்து ஜோடி, மாதத்தில் பதினைந்து நாள் சரக்கு என்று வைத்தால் 900 ரூபாய். அந்தத் தொகை சிறிதுதான். ஆனால் நடு வீட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் வீட்டை நடுவுக்குத் தள்ளிவிட அது போதும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கத்தில் இதே இடத்தில் பீடி இருந்தது, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று.

மூன்றாவது, எது வருமானம் என்பது. ஜெனீவாவில் 2003இல் கூடிய உலகத் தொழிலாளர் புள்ளியியலார் மாநாடு ஒரு வரையறை கொடுத்தது. குடும்பத்துக்குத் திரும்பத் திரும்ப, வழக்கமாக வருவதே வருமானம். எதிர்பாராமல் ஒரே ஒரு முறை வருவதும், கடனும், சொத்தை விற்ற பணமும் சேராது. திண்ணையில் உட்கார்ந்தால் இந்தக் கோடு அவ்வளவு நேராக இருக்காது. மகளிர் குழுக் கடன், சீட்டு எடுத்த பணம், நகையை வைத்து வாங்கியது, கல்யாணத்துக்காக எடுத்த பி.எஃப். எல்லாமே அவர்களுக்கு 'வந்த பணம்'. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது அவர்கள் முகம் மாறும், ஏதோ தட்டிப் பறிக்கிறோம் என்பதுபோல. அந்த மாற்றத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பொறுமை கற்றுக்கொண்டேன்.

ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் பதிவேட்டில் அதன் எண் 17. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றுக்குத் தென்கரையில். 1996 கடைசியில் முதன்முதலாகப் போனேன். அந்த ஆகஸ்டு 28ஆம் தேதிதான் தோல் ஷாப்புக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. அந்த வீட்டுக்காரருக்கு ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. "கெணத்துல தண்ணி கீது மேடம், நெலத்துக்குத்தான் ஆவல" என்றார். வாளியில் மொண்டு காட்டினார். பழுப்பு நிறம், வாயில் வைத்தால் உப்பு. நெல்லை நிறுத்திவிட்டார். தென்னை நின்றது, காய் சிறுத்துவிட்டது. விவசாயக் கணக்கைப் போட்டால் மோட்டார் செலவு விளைச்சலை விட அதிகம். வருமானம் கழித்தல் குறியில் வந்தது.

மூத்த மகள் அந்த ஆண்டுதான் ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அவள் சம்பளத்தைச் சேர்த்தால் வீட்டின் மொத்த வருமானம் கிணறு கெடுவதற்கு முன்பு அவர்கள் சொன்ன கணக்கை விட மேலே போனது. என் வரைபடத்தில் 17ஆம் எண் ஏறுமுகம். அவள் அம்மா தினமும் தலையில் குடம் வைத்து நல்ல தண்ணீருக்கு ஒரு கிலோமீட்டர் போய் வந்தார். அதற்கு அட்டவணையில் இடம் இல்லை. அன்று இரவு பஸ்ஸில் வரும்போது அந்த ஏறுகோட்டை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. கோடு தவறு இல்லை. பணம் உண்மையிலேயே கூடியிருந்தது. அந்தக் கோட்டின் பக்கத்தில் கிணற்றையும் எழுத வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு நான் பொறுப்பேற்ற எந்த அட்டவணையிலும் குடிநீர் எங்கிருந்து, எவ்வளவு நேரம், என்ன விலை என்ற மூன்று கேள்விகள் இல்லாமல் விட்டதில்லை.

2005இல் போனபோது நீதிமன்றம் வகுத்த வழியில் நட்ட ஈடு வந்திருந்தது. ஒரே தொகை, வருமானத்தில் சேராது. மகளுக்குக் கல்யாணம் ஆகி, அவள் பி.எஃப். பணமும் அதில் கரைந்திருந்தது. அதுவும் சேராது. வீட்டில் அம்மாவும் புது மருமகளும் அப்பர் தைத்துக்கொண்டிருந்தார்கள். 17ஆம் எண் இறங்கியிருந்தது.

அந்தச் சுற்றின் அறிக்கையில் நான் ஒரு தவறு செய்தேன். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே இடைநிலை நன்றாகவே கூடியிருக்கிறது என்று எழுதி, ஒரு கருத்தரங்கில் வாசித்தும் விட்டேன். கூட்டம் முடிந்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து, "போன தடவை என்ன கேட்டீங்க, இந்தத் தடவை என்ன கேட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பழைய அட்டவணையில் குடும்பத் தலைவரின் வருமானத்துக்கு ஒரு வரி, மற்றவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு வரி. புதியதில் ஆள்வாரியாக, வேலைவாரியாக ஒரு பக்கம். விரிவாகக் கேட்டால் விரிவாக வரும். இரண்டு சுற்றிலும் ஒரேபோல் கேட்கப்பட்டதை மட்டும் எடுத்து மறுபடி கணக்கிட்டேன். உயர்வின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. திருத்தம் எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். முதல் அறிக்கையை மேற்கோள் காட்டுகிறவர்களை இன்னும் சில சமயம் பார்க்கிறேன். மனம் கனக்கும்.

காலத்தோடு ஒப்பிடும்போது கேள்வி மட்டும்தான் மாறுகிறது என்று இல்லை. மாவட்டமே மாறுகிறது. 1989இல் வட ஆற்காடு இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது. 'வேலூர் மாவட்டம்' என்ற பெயரில் 2011க்கும் 2021க்கும் கோடு போட்டால் இரண்டு வேறு நிலப்பரப்புகளை ஒட்டவைத்த கோடு அது. நாங்கள் வருவாய்க் கிராமத்தைப் பிடித்துக்கொண்டோம். அது அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது.

'ஊரகம்' என்பதும் நிலையானதில்லை. மக்கள்தொகை 5,000க்கு மேல், நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 400, ஆண் உழைப்பாளரில் நான்கில் மூன்று பங்கு விவசாயத்துக்கு வெளியே என்றால், பஞ்சாயத்தாகவே இருந்தாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஊரை நகரமாக எழுதிவிடும். கம்பெனிச் சம்பளம் ஏறிய ஊர்கள்தான் முதலில் அப்படிப் போகும். மேலே இருந்த ஊர்கள் பட்டியலிலிருந்து வெளியேறினால் மிச்சமிருக்கும் ஊரகத்தின் இடைநிலை இறங்கும், ஒரு வீட்டிலும் ஒரு ரூபாய் குறையாமலே.

அடுப்பும் பிரிகிறது. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது ஆய்வு விதி. அண்ணன் தம்பி தனி அடுப்பு வைத்த நாளில் ஒரு குடும்பம் இரண்டாகிறது, வருமானம் பாதியாகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குச் சராசரி நான்கு பேர்கூட இல்லை. அதனால் குடும்ப இடைநிலையை எழுதும் இடத்தில் தலைக்கு எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதுவேன்.

பிறகு மாதம். போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். தீபாவளிக்கு மறுவாரம் போய்ப் 'போன மாதம் எவ்வளவு' என்று கேட்டால் ஊரே வசதியாகத் தெரியும். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டி முடித்த வாரத்தில் போனால் கடன்தான் தெரியும். ஒரு சுற்று நவம்பர், அடுத்த சுற்று ஜூன் என்றால் அந்த ஒப்பீட்டைக் கிழித்துப் போடலாம்.

விலைவாசியைக் கழிக்கிற வேலையும் இருக்கிறது. வேளாண் தொழிலாளர் விலைக் குறியீடு நெடுங்காலம் 1986-87ஐ அடிப்படையாக வைத்தே ஓடியது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உணவு. எங்கள் ஊர்களிலோ ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வருகிறது. பணம் போவது கேன் தண்ணீர், பள்ளி வேன், செல்போன் என்று. அந்தக் குறியீட்டால் வகுத்த எண்ணையும் வகுக்காத எண்ணையும் இரண்டையுமே கொடுத்துவிடுவேன்.

இத்தனைக்கும் பிறகு எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று அதிகாரிகள் கேட்பார்கள். நூறு வீட்டைக் குலுக்கல் முறையில் எடுத்து வரிசையாக நிறுத்தினால், உண்மையான நடு வீட்டு வருமானம் ஏறக்குறைய 40ஆவது வீட்டுக்கும் 61ஆவது வீட்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அவ்வளவு அகலம். அதிலும் நாம் ஊர் ஊராக, தெருத் தெருவாகத்தான் எடுக்கிறோம். ஒரு தெருப் பெண்கள் எல்லாரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். நூறு வீட்டுக்குள் அவ்வளவு வேறுபாடு இருக்காது, அகலம் இன்னும் கூடும். ஓர் எண்ணை மட்டும் கேட்டு, இடைவெளியை வெட்டிவிடச் சொன்னவர்களிடம் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த அகலத்தைக் குறைக்க அமெரிக்காவில் சிறிய கவுண்டிகளுக்கு ஐந்தாண்டு மாதிரிகளைச் சேர்த்துத்தான் இடைநிலை வருமானம் வெளியிடுகிறார்கள். வருமான வரிப் பதிவுகளையும் உணவு உதவிப் பதிவுகளையும் ஆய்வோடு கலந்து மதிப்பிடும் திட்டமும் தனியே உண்டு. நமக்கு வரிப் பதிவு கைகொடுக்காது. நடு வீட்டுக்காரர் வரி அலுவலகத்தின் பக்கமே போனதில்லை. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு ஊரக வீடுகள் அனைத்தையும் தொட்டது. ஆனால் அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானத்தை 5,000க்குக் கீழே, 10,000 வரை, அதற்கு மேல் என்று மூன்று பெட்டியில்தான் போட்டது. நாட்டு ஊரக வீடுகளில் நான்கில் மூன்று பங்கு முதல் பெட்டியிலேயே விழுந்தது. நடு வீடும் அதற்குள்தான் எங்கோ. ஒரே பெட்டிக்குள் அடைந்ததை வரிசைப்படுத்த வழியில்லை.

இப்போது தேசிய அளவில் குடும்ப வருமான ஆய்வு ஒன்றை 2026க்கு அறிவித்திருக்கிறார்கள். தொழிலாளர் ஆய்விலும் 2025 முதல் மாவட்டத்தை அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எழுபது ஆண்டு கழித்து வரும் வாய்ப்பு இது, இதற்காக நான் ஏங்கியிருக்கிறேன். திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் வரும் பிள்ளைகள் மாலையில் போகட்டும். மடியைப் பார்க்கட்டும்.

17ஆம் எண்ணுக்கு 2023 டிசம்பரில் போனேன். பெரியவர் இல்லை. கிணற்றை மூடி மேலே மாட்டுக்கொட்டகை போட்டிருந்தார்கள். வாசலில் இரண்டு கேன் தண்ணீர். அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு டீ போடச் சொன்னார். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிறது என்று சொல்லிவிட்டு உடனே கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தையும் எழுதுவியாம்மா? எழுதினா நிறுத்திடுவாங்களா?" அந்தத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் என்பது அவருக்குத் தெரியும். இந்தத் தாளில் உங்கள் பெயர் கிடையாது, எண்தான், எந்த ஆபீசுக்கும் போகாது என்று சொன்னேன். தாளை வாங்கி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "சரி, எழுது."

மகன்கள் இரண்டு பேரும் தனி அடுப்பு. அம்மா மூத்தவரோடு சாப்பிடுகிறார். 17/1, 17/2 என்று பிரித்து எழுதினேன். 17/1 முடிந்ததும் எழுந்து பக்கத்துக் கதவைத் தட்டினேன். சின்ன மருமகள் கம்பெனியிலிருந்து வர இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அவள் வீட்டுக்காரர், "நான் சொல்றேனே, எழுதிக்கோங்க" என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன்.